கிழம் என்று கைகழுவுவதா?

திண்ணையிலே அமர்ந்திருந்தார் அந்தப் பெரியவர். அருகே அன்றைய நாளேடு கிடந்தது, மடிப்புக்கூடக் கலையவில்லை.

ஒரு கொடியேற்று நிகழ்ச்சிக்காக அந்தச் சிற்றூருக்குச் சென்றிருந்தேன். ஊர் முகப்பில் வரவேற்ற இளைஞர்களிடம் நான் முதலில் கேட்டது அவரைப் பற்றித்தான். ஏன் கேட்டேன்? நாற்பது ஆண்டுகட்கு முன்பு அந்த வட்டாரத்தில் நான் பேசிய முதற் கூட்டத்துக்கு மேடை கட்டியவர் அவர். மிதிவண்டியின் ஒரு பக்கம் பசை வாளி, மறுபக்கம் சுவரொட்டிக் கட்டு. பொழுது விடிவதற்குள் ஏழு ஊர்ச் சுவர்கள் பேசத் தொடங்கிவிடும். பேச்சாளர் வரத் தாமதமானால், தாமே மேடையேறிப் பாடிக் கூட்டத்தைக் கலையாமற் காப்பார். நாளேட்டில் ஓர் எழுத்துப் பிழை கண்டாலும் அஞ்சலட்டை எழுதி ஆசிரியரைக் கண்டிப்பார். அப்படிப்பட்டவரைக் கொடிமரத்தடியில் காணோமே என்று கேட்டேன். "அவருக்கு வயசாயிடுச்சுங்க ஐயா!" என்றனர் இளைஞர்கள். அதற்கு மேல் அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்க எனக்கும் அப்போது தோன்றவில்லை.

வீடு தேடிச் சென்றேன். "வாங்க தம்பி" என்றார். அவ்வளவே. பிறகு பேச்சில்லை. உள்ளேயிருந்து வந்த மருமகள்தான் பேசினார்: "மாமா சரியாச் சாப்பிடறதில்லைங்க. ராத்திரி மூணு மணிக்கே எழுந்து உக்காந்துக்கிறாங்க. வயிறு எரியுது, உடம்பு எரியுதுன்னு சொல்றாங்க. அத்தை போனதிலேர்ந்து இப்படித்தான். எத்தனையோ டாக்டரைப் பாத்தாச்சு. ஒண்ணுமில்லை, வயசுதான்னு சொல்லிட்டாங்க."

வயிற்றுக்கு மருந்து தந்திருக்கிறார்கள். நெஞ்சுக்குப் படம் எடுத்திருக்கிறார்கள். சத்து ஊசி போட்டிருக்கிறார்கள். நாற்பத்தெட்டு ஆண்டு உடன் வாழ்ந்த துணைவியை இழந்து எட்டுத் திங்கள் ஆன ஒரு மனிதரிடம், "உங்கள் மனம் எப்படியிருக்கிறது, ஐயா?" என்று மட்டும் எவரும் கேட்டிருக்கவில்லை. மருத்துவர் கேட்கவில்லை, மகன் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. அவரால் வளர்ந்த இயக்கத்துத் தோழர்களும் கேட்கவில்லை. அந்தக் குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன்.

அதனால்தான் இந்த ஞாயிறன்று, தேர்தலையும் தீர்மானங்களையும் சற்றே ஒதுக்கிவைத்து, இதை எழுதுகிறேன். ஒதுக்கிவைத்து என்று சொன்னதுகூடத் தவறு. இதுவும் அரசியல்தான் என்பதைக் காட்டவே எழுதுகிறேன்.

தோழர்களே! "வயதாகிவிட்டது" என்பது நோயின் பெயரன்று. விசாரணையில்லாமல் வழங்கப்படும் தீர்ப்பு. காய்ச்சல் கண்டவனைப் பார்த்து "உடம்பென்றால் சுடத்தான் செய்யும்" என்று நாம் விட்டுவிடுவதில்லை. கால் முறிந்தவனைப் பார்த்து "காலென்றால் முறியத்தான் செய்யும்" என்று நடையைக் கட்டுவதில்லை. ஆனால் அறுபதைக் கடந்த ஒருவர் உணவை வெறுத்து, உறக்கத்தை இழந்து, உறவை ஒதுக்கி, மூலையில் முடங்கினால், "முதுமையென்றால் அப்படித்தான்" என்கிறோம். முதுமையென்றால் அப்படியன்று! தலை நரைப்பதும் நடை தளர்வதும் முதுமை. வாழ்வே கசந்துபோவது முதுமையன்று, அது நோய். நோயென்றால் அதற்கு மருந்துண்டு, மருத்துவருண்டு, மீட்சியுமுண்டு.

முதியோரின் மனத்தைத் தாக்கும் தொல்லைகளில் மூன்றைப் பிரித்தறிந்தால் போதும். பாதி வழி கடந்தவர்களாவோம்.

முதலாவது மனச்சோர்வு நோய். இளைஞனுக்கு வந்தால் அழுகையாகவும் புலம்பலாகவும் வெளிப்படும் இந்நோய், முதியோரிடம் பெரும்பாலும் உடம்பின் மொழியில் பேசுகிறது. எரிச்சல், குத்தல், படபடப்பு, பசியின்மை, மலச்சிக்கல், விடியுமுன்னே விழிப்பு என்று அது வேடம் புனைந்து வரும். "எனக்கு மனக்கவலை" என்று சொல்ல நம் பெரியவர்கள் பழகவில்லை. மூட்டை சுமந்தே வளர்ந்த தலைமுறை அது. முதுகு வலிக்கிறதென்று சொல்லும், மனம் வலிக்கிறதென்று சொல்லாது. ஆகவே மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்க்கிறார். நோயோ நெஞ்சுக்குள் ஒளிந்துகொண்டு நகைக்கிறது.

இரண்டாவது மறதி நோய். டிமென்ஷியா என்பர் மருத்துவர். சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது அனைவர்க்கும் உள்ளது. சாவி எதற்கென்றே தெரியாமற் போவதும், நாள்தோறும் நடந்த தெருவில் வழி தப்புவதும், ஐம்பதாண்டு சமைத்த கை குழம்புக்கு உப்பிட்டோமா என்று திகைப்பதும், பெற்ற மகனைப் பார்த்து "யாரப்பா நீ?" என்று கேட்பதும் வேறு. இது மூளையைத் தாக்கும் நோய். மெல்ல மெல்ல வளரும். இதன் பெரும்பாலான வகைகளை முற்றக் குணப்படுத்த மருந்து இன்னும் இல்லை. எனினும் தொல்லைகளைத் தணிக்கலாம். நோயாளியின் மானத்தைக் காக்கலாம். பார்த்துக்கொள்வோரின் சுமையைக் குறைக்கலாம். மறதிபோல் தோன்றுவதெல்லாம் இந்நோயும் அன்று. தைராய்டுக் குறையாலும் பி12 வைட்டமின் குறைவாலும் மறதி வரலாம். மனச்சோர்வே மறதிபோல் தோற்றம் காட்டலாம். அவை சரிசெய்யக்கூடியவை. சோதித்துப் பாராமல் எப்படித் தெரியும்?

மூன்றாவது திடீர்க் குழப்பம். நேற்றுவரை தெளிவாகப் பேசிய பாட்டி இன்று காலை ஏதேதோ உளறுகிறார், இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுகிறார் என்றால், பேய் பிடித்ததென்று வேப்பிலை தேடாதீர்! சிறுநீர்த் தொற்று, நுரையீரற் காய்ச்சல், உடலில் உப்புச்சத்துக் குறைவு, ஒவ்வாத மருந்து ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். இது அன்றைக்கே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டிய அவசரம். பொழுதைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

இந்த வேறுபாடுகளைப் பிற நாட்டாரும் ஒரு நாளில் அறிந்துகொண்டவர்கள் அல்லர். இங்கிலாந்தில் ஏழை விடுதிகள் இருந்தன. நோயுற்ற முதியோரை அவற்றின் மருத்துவக் கூடங்களில் வரிசையாகக் கட்டிலில் கிடத்தி, "தீராத நோயாளிகள்" என்று பெயரும் சூட்டி விட்டுவிடுவார்கள். 1935ஆம் ஆண்டு, மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம் அத்தகைய கூடம் ஒன்றின் பொறுப்பு வந்தது. படுத்திருந்தவர்கள் 714 பேர். அந்த அம்மையார் செய்தது மாயமன்று, மந்திரமன்று. ஒவ்வொருவரையும் அமர்ந்து சோதித்தார், இவருக்கு இன்ன நோய் என்று பிரித்தார், படுக்கையிலிருந்து எழுப்பினார், கூடத்துக்கு வண்ணமும் வெளிச்சமும் கொண்டுவந்தார், நடக்கப் பழக்கினார். "எழமாட்டார்" என்று எழுதப்பட்டவர்கள் எழுந்தனர்! பலர் வீடு திரும்பினர்! அவர்களைக் கட்டிலோடு கட்டியிருந்தது முதுமையன்று, மற்றவர்களின் அலட்சியம் என்பது உலகுக்குத் தெரிந்தது. முதியோர் மருத்துவம் என்ற துறைக்கே அவரைத் தாய் என்று இன்று போற்றுகின்றனர்.

இருபதாண்டு கழித்து, 1955இல், மார்ட்டின் ராத் என்ற மனநோய் மருத்துவர் இன்னோர் உண்மையை நிலைநாட்டினார். மனநோய் மருத்துவமனைக்கு வந்த முதியோர் அனைவரையும் மூளை தேய்ந்தவர்கள் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவந்தது அக்கால மருத்துவம். அவர் அவர்களை நோய்வாரியாகப் பிரித்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார். மனச்சோர்வால் வந்தவர்களுள் மிகப் பலர் தேறி வீடு சென்றனர். மூளைத் தேய்வால் வந்தவர்களின் முடிவு வேறாக இருந்தது. வெளித்தோற்றம் ஒன்றுபோலிருந்தாலும் நோய் ஒன்றன்று என்பது மெய்ப்பிக்கப்பட்டது. எழுபதாண்டுகட்கு முன்பே ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட உண்மை, இன்னும் நம் ஊர்த் திண்ணைக்கு வந்து சேரவில்லையே! அதுதான் என் வருத்தம்.

நம் நாட்டிலும் வழிகாட்டிகள் இல்லாமற் போகவில்லை. இந்தியாவின் முதற் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனைக்குத் தலைமை தாங்கிப் பணியாற்றினார். ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல், 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். டாக்டர் வ. செ. நடராசன், சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியபோது, இந்தியாவில் அதற்கு முன்மாதிரி இல்லை. கிண்டியில் 2024 பிப்ரவரியில் முதியோர்க்கென்றே தேசிய மையமும் திறக்கப்பட்டது. தலைநகரில் விளக்கு எரிகிறது. அந்த ஒளி தரங்கம்பாடிக்கும் தாளவாடிக்கும் எப்போது வரும் என்பதே கேள்வி.

கணக்கைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடியே 38 இலட்சம், நூற்றுக்கு 8.6 பேர். தமிழ்நாட்டிலோ அப்போதே நூற்றுக்கு 10.4 பேர். 2021இல் இது நூற்றுக்கு 13.6 ஆகுமென்றும், 2031இல் 18.2 ஆகுமென்றும் அறிஞர்கள் மதிப்பிட்டனர். பெரு மாநிலங்களுள் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் நாம் நிற்கிறோம். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முதியவர் என்ற நிலை நம் வாசற்படியில் வந்து நிற்கிறது.

இது எதனால் நேர்ந்தது? நாம் தோற்றதால் அன்று, வென்றதால்! தாயும் சேயும் பிழைத்தனர், பெண்கள் படித்தனர், குடும்பம் அளவாயிற்று, அம்மையும் காலராவும் ஓடின, ஆயுள் நீண்டது. சமூக நீதிக்கும் பொது நல்வாழ்வுக்கும் இந்த மண் செலவிட்ட ஒவ்வொரு காசும் ஆயுளாய்த் திரும்பி வந்திருக்கிறது. ஆண்டுகளை வாழ்வோடு சேர்த்துவிட்டோம். அந்த ஆண்டுகளுக்குள் வாழ்வைச் சேர்க்க மறந்துவிட்டோம்.

இங்கேதான் அரசியல் நுழைகிறது. மறதி நோய் ஏழை, பணக்காரன் பார்க்காமல் வருவதாகச் சிலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. அறுபது வயதைக் கடந்த இந்தியருள் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 இலட்சம் மக்கள், மறதி நோயுற்றவர்கள் என்று நாடு தழுவிய முதுமை ஆய்வின் அடிப்படையில் 2023இல் மதிப்பிட்டனர். யாரிடம் மிகுதி? ஆண்களைவிடப் பெண்களிடம். நகரத்தைவிடச் சிற்றூரில். படித்தவர்களைவிடப் படியாதவர்களிடம். 2024இல் வெளிவந்த லான்செட் ஆய்வுக்குழுவின் அறிக்கை, மறதி நோய்க்கான மாற்றத்தக்க காரணங்கள் பதினான்கை எடுத்துரைக்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு ஆகியவை அவற்றுள் அடங்கும். இளமையில் கல்வி கிடைக்காமையும் ஒரு காரணம்! இவையனைத்தையும் களைந்தால், உலகில் மறதி நோயுறுவோருள் நூற்றுக்கு 45 பேர்வரை அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது அவ்வறிக்கை.

சிந்தித்துப் பாருங்கள், தோழர்களே! இன்று எண்பது வயதைத் தொட்டிருக்கும் நம் தாய்மார் பள்ளிக்குச் செல்லவேண்டிய காலம் எது? 1950களின் தொடக்கம். 1951ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்றது ஒரு கூட்டம். உழைப்பவன் பிள்ளைக்கு எதற்குப் பள்ளி என்றது அதே கூட்டம். மறுக்கப்பட்ட பலகையும் பல்பமும் எழுபது ஆண்டு கழித்து மூளை நோயாக வந்து நிற்கின்றன! இளமையில் உரிமையைப் பறித்த சமுதாயம், முதுமையில் நினைவையும் பறிக்கிறது. அநீதிக்கு ஆயுள் அதிகம், தோழர்களே. ஆகவே இந்தப் பெரியவர்களுக்குச் செய்யவேண்டியது தருமமன்று. பழைய கடனைத் திருப்பித் தருவது.

கடனை எப்படித் தருகிறோம்? தமிழ்நாட்டில் 1962 முதலே முதியோர் உதவித்தொகை உண்டு. 2023இல் அது திங்களுக்கு 1,200 ரூபாய் ஆயிற்று. மத்திய அரசினரின் பங்கு என்ன தெரியுமா? அறுபது முதல் எழுபத்தொன்பது வயதுவரை திங்களுக்கு 200 ரூபாய். எண்பதைக் கடந்தால் 500 ரூபாய். பத்தாண்டுக்கும் மேலாக இதே தொகைதான். நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை! பருப்பு விலை ஏறியது, பயண விலை ஏறியது, மருந்து விலை ஏறியது. பாட்டிக்குத் தரும் இருநூறு மட்டும் ஏற மறுக்கிறது. பணத்துக்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீரேல், பேரனுக்கு ஒரு மிட்டாய் வாங்கித் தர மகனிடம் கை நீட்டும் பாட்டியைக் கேளுங்கள். கையில் காசுள்ள முதியவர் வீட்டில் பெரியவர். காசற்றவர் வீட்டில் பாரம். பாரமென்று தம்மைத் தாமே எண்ணத் தொடங்கும் நாளில் மனச்சோர்வு கதவைத் தட்டுகிறது.

அந்தப் பாரத்தை இறக்க ஒரு கொடிய வழியும் நம் மண்ணில் இருந்ததை மறைப்பானேன்? எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி முதியவரை மெல்லக் கொல்லும் "தலைக்கூத்தல்" பற்றி, 2010 வாக்கில் விருதுநகர்ப் பக்கத்துச் செய்திகள் வெளிவந்து நாட்டை உலுக்கின. அதனையே கதைப்பொருளாக்கிய "பாரம்" என்ற திரைப்படம் தேசிய விருதும் பெற்றது. முதியோரைத் தெய்வமென்று மேடையில் பாடும் நாடு இது. தெய்வத்துக்கு நாள்தோறும் படையலுண்டு, தாத்தாவுக்கு?

"பழைய கூட்டுக் குடும்பம் இருந்தால் இந்தத் தொல்லையே இராது, பிள்ளைகள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போனதால் வந்த வினை இது" என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. பிள்ளைகள் பிழைப்புக்காகப் போனார்கள். இன்பச் சுற்றுலா போகவில்லை. ஊரில் வேலை தராத குற்றத்தை ஊரைவிட்டுப் போனவன்மேல் சுமத்துவது முறையன்று. கூட்டுக் குடும்பமும் சொர்க்கமாய் இருந்ததில்லை. அங்கே முதியவரைக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் யார்? பெரும்பாலும் மருமகள். கூலியில்லை, ஓய்வில்லை, நன்றியுமில்லை. மறதி நோயுற்ற மாமியாரை இரவெல்லாம் காவல் காக்கும் பெண்ணின் மனமும் முறிகிறது. அந்த முறிவுக்குக் கணக்கெடுப்பு உண்டா? பத்துப் பேர் உள்ள வீட்டிலும் ஒருவர் தனியாக இருக்க முடியும். தொலைக்காட்சி ஓடுகிறது, கைப்பேசி ஒலிக்கிறது, ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பியிருக்கிறார்கள். நடுவே நாற்காலியில் ஒருவர், பேச நாவிருந்தும் கேட்கச் செவியில்லாமல். ஆகவே "குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்று அரசு ஒதுங்குவதும் தவறு. "அரசு பார்த்துக்கொள்ளும்" என்று குடும்பம் ஒதுங்குவதும் தவறு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. கைவிடும் பிள்ளைகள்மேல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். திங்களுக்குப் பத்தாயிரம் ரூபாய்வரை பராமரிப்புத் தொகை பெறலாம். அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு, மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் முதியோர்க்குத் தனி வசதி வேண்டும், அதற்கு முதியோர் மருத்துவத்தில் பட்டறிவுள்ள அலுவலர் தலைமை தாங்கவேண்டும் என்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு நடத்தும் மனநல மருத்துவத்தைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று அதன் 18ஆம் பிரிவு முழங்குகிறது. சலுகையென்று சொல்லவில்லை, உரிமை என்றே சொல்கிறது!

ஆனால் ஏட்டில் இருக்கும் சட்டம் வீட்டுக்கு வரவேண்டுமே. இந்நாட்டில் மனநலம் பற்றிப் பேச்செழவே ஏதேனும் ஒரு கொடுமை நேரவேண்டியிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியலில் ஏர்வாடிக் கொட்டகையில் தீப்பற்றியது; சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓடவும் இயலாமல் கருகி மாண்டனர். அதற்குப் பிறகே நாடு திடுக்கிட்டு விழித்தது. முதியோரைக் கட்டியிருக்கும் சங்கிலி கண்ணுக்குத் தெரியாத சங்கிலி. அங்கே தீயும் புகையும் எழுவதில்லை. ஆகவே தலைப்புச் செய்தியும் இல்லை. ஒவ்வொருவராக, ஓசையின்றி அணைகிறார்கள்.

அரசினரிடம் நாம் கேட்பது வானத்து நிலவையன்று. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தால், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாசல்வரை வந்த கால், மனத்தையும் விசாரிக்கட்டும். முதியவரிடம் இரண்டே கேள்விகள்: "இந்த இரண்டு வாரமாக மனம் சோர்ந்தே இருக்கிறதா? முன்பு விருப்பமாயிருந்தவற்றில் இப்போது நாட்டம் இல்லையா?" இவ்விரண்டும் மருத்துவ உலகம் சோதித்து ஏற்றுக்கொண்ட கேள்விகள். ஆம் என்ற பதில் வந்தால் அடுத்த படிக்கு, மருத்துவரிடம், அனுப்பட்டும். மனநல மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லை என்ற சொல் எங்கும் எழாதிருக்கட்டும். மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் நாட்டில் உள்ளது. அதன் மருத்துவர் வட்டத் தலைநகருக்கு வரும் நாளை ஊர்தோறும் எழுதி ஒட்டட்டும். செவிக்கருவியும் மூக்குக் கண்ணாடியும் தடையின்றிக் கிடைக்கட்டும். காது கேளாதவர் பேச்சைவிட்டு ஒதுங்குகிறார், ஒதுங்கியவர் சோர்கிறார், சோர்ந்தவர் மறக்கிறார். பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் பகலில் சில மணி நேரமேனும் ஓய்வு கிடைக்க, ஊருக்கொரு முதியோர் பகல் இல்லம் அமையட்டும். பணம் எங்கே என்பாரிடம் ஜப்பானைச் சுட்டுங்கள். நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் பங்கு செலுத்தும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியை அந்நாடு 2000ஆம் ஆண்டிலேயே நடைமுறைப்படுத்திவிட்டது. நாளை தமக்கும் முதுமை வரும் என்பதை அவர்கள் இன்றே ஒப்புக்கொண்டார்கள், அதுதான் வேறுபாடு.

அரசு செய்யட்டும் என்று கைகட்டி நிற்பவர்கள் அல்லர் நம் தோழர்கள். வாக்காளர் பட்டியலை வீடுவீடாகச் சரிபார்க்கத் தெரிந்த நமக்கு, முதியோர் பட்டியலை எடுப்பது கடினமா? கிளைதோறும் ஒரு குறிப்பேடு போதும். தனியே வாழ்பவர் யார்? துணையை இழந்து ஓராண்டு நிறையாதவர் யார்? உதவித்தொகை வராமல் நின்றுபோனவர் யார்? காது கேளாமையால் பேச்சற்றுப்போனவர் யார்? வாரம் ஒருமுறை இரண்டு தோழர்கள் சென்று அமரட்டும். அறிவுரை வேண்டா, "கவலைப்படாதீங்க" என்ற ஆறுதலும் வேண்டா, கேட்டாற் போதும். பழைய கதையைப் பத்தாம் முறை சொன்னாலும் முதல் முறைபோலக் கேளுங்கள். மறதி நோயாளியிடம், "இதுகூடத் தெரியலையா?" என்று வாதாடாதீர்கள், அவர் தோற்பதற்காகவா நீங்கள் போனீர்கள்?

மனச்சோர்வு என்று ஐயம் எழுந்தால் அரசு மருத்துவமனைக்கு உடன் சென்று வாருங்கள். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், இடையில் நிறுத்தவிடாதீர்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மூத்த குடிமக்களுக்கென்றே 14567 என்ற உதவி எண்ணும் உண்டு. கிளை அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, இதைச் சிரித்துக் கடக்காதீர்கள். "நான் இருந்து யாருக்கு என்ன பயன்? சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று முதியவர் சொல்வதை நாம் வழக்கமான பேச்சாக எடுத்துக்கொள்கிறோம். வழக்கமான பேச்சாக இருக்கலாம். வாய்விட்டுக் கேட்ட உதவியாகவும் இருக்கலாம். சாக எண்ணுகிறீர்களா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் முளைத்துவிடாது. உள்ளே இருப்பது வெளியே வரும். ஆம் என்றால், திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைக் குவியலையும் எட்டாத இடத்தில் பூட்டுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கட்சிப் பணிக்கு இதில் என்ன இலாபம் என்று எவரேனும் கேட்டால், அவர் கட்சியை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். சுவரில் எழுதும் முழக்கம் மழையில் அழியும். திண்ணையில் அமர்ந்து கேட்ட ஒரு மணி நேரம் அழியாது. மக்களுக்காக என்று நாம் சொல்லும் சொல்லில், ஊர்வலத்தில் நடக்க முடியாத மக்களும் அடக்கம்.

திண்ணைப் பெரியவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அன்று அவரருகே அமர்ந்து, "அம்மா இல்லாத வீடு எப்படியிருக்கிறது?" என்று கேட்டேன். வெகு நேரம் பேசாதிருந்தவர், "காபி ஆறிப்போச்சுன்னு திட்ட ஆளில்லை தம்பி" என்றார். பிறகு அழுதார். எட்டு மாதமாய் அவர் அழவே இல்லை என்றார் மருமகள். அடுத்த வாரம் கிளைத் தோழர்கள் அவரை மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றனர். மனச்சோர்வு நோய் என்றார் மருத்துவர்; மாத்திரை எழுதினார், மாதம் ஒருமுறை பேச வரச்சொன்னார். முதல் மாதம் மாற்றமில்லை. இரண்டாம் மாதம் உறக்கம் வந்தது. மெல்ல மெல்லப் பசி வந்தது. துயரம் போய்விட்டதா? இல்லை, நாற்பத்தெட்டு ஆண்டுத் துணையின் பிரிவுக்கு மாத்திரை ஏது? நோய் விலகியது, துயரத்தைத் தாங்கும் வலிமை திரும்பியது.

சென்ற மாதம் எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. நடுங்கும் எழுத்து, ஆனால் அதே கண்டிப்பு. சென்ற ஞாயிறு நம் நாளேட்டின் நான்காம் பக்கத்தில் ஒற்றுப் பிழைகள் மூன்று இருந்தனவாம். பிழை திருத்துவோர் உறங்குகின்றனரா என்று கேட்டிருந்தார்.

நாங்கள் உறங்கித்தான் இருந்தோம், ஐயா. இப்போது விழித்திருக்கிறோம்.